மரத்தின் எடையும் கருதல் அளவையும்

நிற்கும் மரத்தைத் தராசில் ஏற்ற இயலாது. ஆகவே நகர மரங்களின் உயிர்த்திரளை, அதாவது ஈரம் நீங்கிய மரப்பொருளின் எடையை, மதிப்பிடுவோர் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, மரத்தின் உயரத்தையும் கட்டையின் அடர்த்தியையும் சேர்த்து ஒரு சமன்பாட்டில் இட்டு விடை காண்கின்றனர். அச்சமன்பாடோ பெரும்பாலும் வேறெங்கோ காட்டில் வெட்டி, துண்டுபோட்டு, உலர்த்தி நிறுக்கப்பட்ட மரங்களிலிருந்து பிறந்தது.

சைவ சித்தாந்தம் முதன்மையாகக் கொள்ளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், இம்மதிப்பீடு ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் துணியும் கருதலின்பாற்படும். கருதலுக்கு அடிப்படையான பிரியாத் தொடர்பை நியாய நூலார் வியாப்தி என்பர். சொல்லப்படாத ஒரு நிபந்தனை அத்தொடர்பைத் தாங்கி நின்றால் அதனை உபாதி என்று பெயரிட்டு, அக்கருதலைத் தள்ளுவர். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பாரிடம் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி, புகைக்கு ஈர விறகும் வேண்டும் என்று மறுப்பது அவர்கள் வழக்கம்.

நகர மரக் கணக்கில் அந்த ஈர விறகு காடுதான். காட்டில் மரங்கள் நெருங்கி நின்று வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஓங்குகின்றன. தெருவோர மரமோ தனித்துப் பரந்து, மின்கம்பிக்காகக் கிளை கழிக்கப்பட்டு, நடைபாதைச் சிமெண்டுக்குள் வேர் இறுகி நிற்கிறது. 1990களில் சிகாகோ நகர மரங்களை ஆராய்ந்த டேவிட் நோவாக், திறந்தவெளி மரங்களின் எடையைக் காட்டுச் சமன்பாடுகள் மிகுத்துக் காட்டுவதால், விடையை 0.8ஆல் பெருக்கினார். உபாதியை ஒப்புக்கொண்ட நேர்மை அதில் உண்டு, ஆயினும் 0.8 என்பதும் ஒரு கூட்டத்தின் சராசரியே.

கருதலுக்குப் பக்கம், அதாவது எதைப் பற்றித் துணியப்படுகிறதோ அப்பொருள், முதலில் தெளிவாக வேண்டும். ஹௌரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் அதுவே நழுவுகிறது. பூஞ்சை தாக்கி அழுகிய அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டுவிட, மரம் ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் விரிந்து நிற்கிறது. அளக்கவேண்டிய விட்டம் எது? ஓருடலில் ஓருயிர் உள்ள தாவரங்களையும், ஓருடலைப் பல உயிர்கள் பகிரும் தாவரங்களையும் வேறு பிரித்த சமண நூல்கள், எண்ணுமுன் எது ஒன்று எனத் துணியவேண்டிய இச்சிக்கலை எப்போதோ எதிர்கொண்டுவிட்டன. மரத்தை லேசர் கதிரால் வருடி அளப்பது அதன் கன அளவைக் காண்டலுக்கு அருகே கொண்டுவருகிறது என்பது மெய். எனினும் மரத்துக்குள் மறைந்த பொந்தை அதுவும் காணாது.

காட்டுச் சமன்பாட்டின் சாய்வு திருத்தப்பட்டபின், ஆயிரம் மரங்களின் கூட்டுத்தொகையில் எஞ்சிய பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யுமாதலால், நகரின் கரிமக் கணக்குக்கு இக்கருதல் போதும். ஆனால் சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரத்தை வெட்டலாமா என்னும் வழக்கில் அதே எண்ணைச் சான்றாக நிறுத்துவது செல்லாது.