எண்ணும் அறிவும் இரங்கும் அறிவும்

அளந்தறிதல் ஒன்றே அறிவாகுமோ என்னும் வினா ஆராயற்பாலது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹார்ட் டைம்ஸ்’ என்னும் நூல் இதற்குத் தக்கதோர் விடை பகர்கின்றது.

ஆலைப்புகை சூழ்ந்த கோக்டவுன் என்னும் புனைவு நகரிலே, கிராட்கிரைண்ட் என்பார் கணக்கிடத்தகும் உண்மைகளையன்றிப் பிறிதொன்றும் கற்பிக்கலாகாதென விதித்துப் பள்ளி நடத்துகின்றார். குதிரை யாதென வினவியபோது, குதிரைகளோடு வளர்ந்த கூத்தாடியின் மகள் சிஸ்ஸி விடையறியாது மயங்குகின்றாள். பிட்சர் என்னும் சிறுவனோ, நாற்கால் உடையது, நாற்பது பல் உடையது என அடுக்கிப் பாராட்டுப் பெறுகின்றான்.

ஆண்டுகள் கழிகின்றன. வங்கிப் பணத்தைத் திருடிய தம் மைந்தனைப் பிடிக்க வந்த அதே பிட்சரிடம், உனக்கு இருதயம் இல்லையோ என அவர் இரந்து நிற்கின்றார். இருதயமின்றி இரத்தம் ஓடாதென்று அவன் விடையிறுக்கின்றான். அவனைத் தடுத்து மைந்தன் தப்ப உதவியவை கூத்தாடிகளின் குதிரையும் நாயுமே.

பிட்சர் பொய்யுரைத்திலன், குற்றவாளிக்குப் பரிந்திலன் என அவனைப் பழித்தலும் எளிதன்று. ஆயினும் அவன்பால் ஒன்று குறைகின்றது. பிறர் துயரைத் தன்னுள் வைத்துக் காணும் ஆற்றலே கற்பனை; அஃதின்றி இரக்கம் பிறவாது. கணக்கு தீதன்று, அதுவே அறிவின் முடிவெனக் கொள்ளுதல் தீது. முளையிலேயே கிள்ளியெறிந்த மரத்தின் நிழலை முதுமையில் நாடுதல் எங்ஙனம்?