யார் கையில் விசைப்பலகை

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை என் பழைய கணினியைக் காட்சிக்கு வைக்க முடியுமா என்று கேட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம் இது. என்னிடம் பிபிசி மைக்ரோ ஒன்று இருப்பது அங்கே நூலகராக இருக்கும் தோழிக்குத் தெரியும். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், நான்கு மணி நேரம். யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கப்போவதில்லை, ஆகவே ஐந்து நிரல்கள் போதும், விளையாட்டோ வேறு எதுவோ, நீயே தேர்ந்தெடு என்றாள்.

அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

1981 டிசம்பரில், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக, கேம்பிரிட்ஜின் ஏகோர்ன் நிறுவனம் வெளியிட்ட இயந்திரம் இது. என்னுடையது ‘மாடல் பி’. நினைவகம் 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்குக்கூட அது போதாது. எண்பதுகளில் பிரிட்டன் பள்ளிகளில் அதிகம் காணப்பட்ட கணினி இதுதான். சுவிட்சைப் போட்டதும் ‘பூ... பீப்’ என்று ஓர் இரட்டை ஒலி, கறுப்புத் திரையில் சில வரிகள், அதன் கீழே சிறு அம்புக்குறி. அதற்குமேல் நாம் ஏதாவது சொன்னால்தான் அது அசையும்.

முதல் பட்டியல் ஒரு நண்பரிடமிருந்து வந்தது. பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பவர். நாற்பது வயதான கெப்பாசிட்டர்கள் புகைந்து வெடிப்பதற்கு முன்பே மாற்றித் தந்தவர். எலைட், எக்ஸைல், ரெப்டன், சக்கி எக் என்று யோசிக்காமல் அடுக்கினார். இயந்திரத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவை எவையோ, அவைதான் அதற்குப் பெருமை சேர்ப்பவை என்பது அவர் கட்சி.

அதில் நியாயம் உண்டு. எலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இருவர் எழுதி 1984ல் வெளிவந்த விண்வெளி வணிக விளையாட்டு. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அத்தனைக்கும் பெயரும் அரசாங்கமும் விலைவாசியும் உண்டு. எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை. சில எண்களிலிருந்து ஒரு விதியின்படி, தேவைப்படும்போது பிறக்கின்றன. திரையின் மேல்பாதியில் நுண்ணிய கோடுகளால் ஆன கப்பல்கள், கீழே வண்ணத்தில் கருவிப்பலகை. இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும் வசதி இந்தக் கணினிக்குக் கிடையாது. திரை வரையப்படும்போதே, நடுவில், ஒவ்வொரு தடவையும் அதன் நிலையை மாற்றி ஏமாற்றியிருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், திறமையான கள்வனைப் பார்த்து வருகிற சிரிப்பு.

ஆனால் அந்த நான்கையும் எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதை நண்பர் கவனித்திருக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை. “யார் எழுதினால் என்ன? சிறந்ததைத்தானே வைக்கிறோம்” என்றார். சிறந்தது என்ற சொல்லுக்குள் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. வேகம், சுடுதல், எல்லையைத் தாண்டுதல். யார் வீட்டில், யார் கையில் இந்தக் கணினி இருந்ததோ அவர்களுடைய ரசனையே காலப்போக்கில் இயந்திரத்தின் இயல்பாக மாறிவிட்டது.

என் மகளிடம் சொன்னேன். “அம்மா, அஞ்சுமே பொம்பளைங்க செஞ்சதா வைங்க. பேச்சே வேண்டாம்” என்றாள்.

தேடினேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெட்டியோடு வந்த ‘வெல்கம்’ நாடாவிலேயே கிங்டம் என்று ஒன்று உண்டு. மஞ்சள் ஆற்றங்கரையில் சில கிராமங்கள். எத்தனை பேர் கரையைக் காப்பது, எத்தனை பேர் வயலில் இறங்குவது, எத்தனை பேர் திருடர்களைத் தடுப்பது, எவ்வளவு நெல்லை விதைப்பது என்று நாம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வெள்ளம் வரும், ஊர் பட்டினி கிடக்கும். மக்களையும் தானியத்தையும் பங்கிட்டு ஒரு நாட்டை ஆளும் இந்த வகை விளையாட்டுக்கு மூலம், நியூயார்க் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த மேபல் ஆடிஸ் 1964ல் எழுதிய ‘சுமேரியன் கேம்’. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஐபிஎம்மின் பெரிய கணினி ஒன்றில் ஓடியது. அந்த எண்ணம் கைமாறி, பெயர் மாறி, ஏறக்குறைய பதினெட்டு வருடத்தில் இந்த நாடாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் பெயர் மட்டும் வழியிலேயே விழுந்துவிட்டது.

இன்னொன்று, 1982ல் வந்த ஹாபிட். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது பகுதிநேர வேலையாக வெரோனிகா மெக்லர், பிலிப் மிட்செலோடு சேர்ந்து எழுதியது. முதலில் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு, பிறகு பிபிசிக்கும் வந்தது. எழுத்திலேயே நகரும் கதை விளையாட்டு. நாம் சும்மா இருந்தாலும் அதில் காலம் போகும். மற்ற பாத்திரங்கள் நம்மைக் கேட்காமலே நடக்கும், சண்டை போடும். ஒரு பாத்திரம் ஆபத்தின் நடுவில் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடும். நாயகனுக்காக உலகம் காத்திருக்காது என்று ஒரு மாணவி முடிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கதையில் பெண் என்று யாரும் இல்லை, மூல நாவலிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் என் மகளின் பட்டியலில் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுதியவர் பெண் என்பது ஒரு கேள்வி. எழுதப்பட்டதில் பெண் எங்கே என்பது வேறு கேள்வி. ‘கிரானீஸ் கார்டன்’ என்று ஒரு பள்ளி விளையாட்டு உண்டு, 1983. இந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அந்தத் தலைமுறை முழுவதும் விளையாடியது. தன் வகுப்புப் பிள்ளைகளை இதன்முன் உட்கார வைத்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகள். சிறுமிகளுக்கும் சமமாகக் கிடைத்த அபூர்வமான விளையாட்டு. எழுதியவர் ஓர் ஆண், வில்லி ஒரு சூனியக்காரக் கிழவி. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பேன்?

எல்லாவற்றுக்கும் அடியில் சோஃபி வில்சன் இருக்கிறார். இந்தக் கணினியின் முன்வடிவைச் சில நாட்களில் உருவாக்கிய குழுவில் ஒருவர். சுவிட்சைப் போட்டதும் நம்மோடு பேசும் பேசிக் மொழியை எழுதியவர். பிறகு 1983ல் தொடங்கி ஏஆர்எம் செயலியின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவர். இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளும் அதன் வாரிசுகளில்தான் ஓடுகின்றன. அவர் ஒரு திருநங்கை. பழைய ஆவணங்களில் வேறு பெயர் இருக்கிறது. “அந்தக் காலத்தில் எழுதியதைப் பெண் எழுதியதாகக் காட்டலாமா?” என்று நண்பர் கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை. எழுதியவர் சோஃபி வில்சன், அட்டையில் அவர் பெயரைத்தான் எழுதுவேன், காலத்துக்கு ஒரு பெயர் என்று பிரிப்பது நம் வேலை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஐந்தும் பெண்களுடையதாகவே வைத்திருக்க முடியும். முடியும் என்பதுதான் என்னைத் தயங்க வைத்தது. அப்படி வைத்தால் வருகிற சிறுமிக்கு என்ன சொல்கிறேன்? இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது என்றுதானே?

அது திறந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

1984ல் இந்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்த ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது இதே பிபிசி மைக்ரோதான். தமிழ்நாட்டில் நான் படித்த பள்ளிக்கும் வந்தது. தனி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஆயுத பூஜைக்குக் கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஒரு கணினிக்கு ஐந்து பேர். பையன்கள் நாற்காலியில், நாங்கள் பின்னால் நோட்டும் பேனாவுமாக. “அவனுக்குத் தெரியும், அவன் செய்யட்டும். நீங்க பார்த்து எழுதிக்கோங்க” என்பார் சார். தெரிந்தவனுக்கே மறுபடியும் கொடுத்தால் தெரியாதவளுக்கு என்றைக்குத் தெரியும் என்று கேட்க எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. சாயங்காலம் அதில் நிறையப் பெண்கள். என் அக்கா லோயர் முடித்து ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். எழுத்துகளின் வரிசை இரண்டு இயந்திரங்களிலும் ஒன்றேதான். இன்னொருவர் எழுதியதை நகலெடுக்க என்றால் அந்தப் பலகை பெண்ணுக்கு உரியது. தானாக ஒன்றைச் சொல்ல என்றால் ஆணுக்கு. என் நோட்டில் ஒரு வருடத்து நிரல்கள் அழகான கையெழுத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றையும் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

பழைய பொருளைக் காட்சிக்கு வைப்பவருக்கு யாரிடம் கடமை? அந்தப் பொருளிடமா, அந்தக் காலத்திடமா, முன்னால் வந்து நிற்கும் பிள்ளையிடமா? நண்பர் பொருளிடம் என்றார். மகள் பிள்ளையிடம் என்றாள். நான் காலத்தையும் விட்டுவிட முடியாது என்று பிடிவாதமாக இருந்தேன். விலக்குவது வேறு, மறைப்பது வேறு. ஐந்து என்றால் மற்ற எல்லாவற்றையும் விலக்கித்தான் ஆக வேண்டும். விலக்கியதை இல்லாததாகக் காட்டுவதுதான் பொய்.

ஆகவே கிங்டம், ஹாபிட், கிரானீஸ் கார்டன், எலைட். ஐந்தாவது, எந்த நிரலும் ஏற்றாத வெறும் திரை, சோஃபி வில்சனின் மொழி நம் கட்டளைக்குக் காத்திருக்கும் அம்புக்குறி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எலைட்டின் அட்டையில், இதில் வாங்கி விற்கக்கூடிய சரக்குகளில் அடிமைகளும் உண்டு, சட்டவிரோதம் என்று விளையாட்டே சொன்னாலும் லாபம் உண்டு என்று எழுதினேன். சுவரில் தனியாக ஓர் அட்டை, இங்கே இல்லாதவை பற்றி. 1987ல் பல வீட்டுக் கணினிகளுக்கு வந்த ‘பார்பேரியன்’ விளையாட்டின் பெட்டியில் பிகினி அணிந்த மாடல் ஒருவர் இருந்தார், விளையாட்டுக்குள் பெண்ணின் வேலை வென்றவனுக்குப் பரிசாவது மட்டுமே என்று அதில் எழுதினேன். பெட்டியை வைக்கவில்லை. செய்தியை வைத்தேன்.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு எலைட் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் பன்னிரண்டு வயதுப் பையன், கெட்டிக்காரன். விண்வெளி நிலையத்துக்குள் கப்பலை நுழைக்கப் பார்க்கிறான். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும், அதன் வாசல் ஒரு சிறு பிளவு, நாமும் அதே வேகத்தில் சுழன்றால்தான் நுழைய முடியும். பின்னால் அவன் தங்கை. “அது சுத்துது, நீயும் கூடச் சுத்தணும்” என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் கேட்கவில்லை, மோதினான். மறுபடியும் தொடங்கினான். நான் பார்க்கட்டுமா என்று அவள் என்னிடம் கேட்டாள்.

“கொஞ்சம் பொறும்மா. அவனுக்குத் தெரியும், முடிக்கட்டும்” என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனாலும் அது யாருடைய வாக்கியம் என்று வாயை விட்டு வெளியே வந்த மறுகணம் தெரிந்துவிட்டது. மூன்று வாரம் எதைத் திரையில் காட்டுவது என்று மல்லுக்கட்டிய நான், யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டாவது நாற்காலியை வேடிக்கை பார்ப்பவருக்கென்று போட்டிருந்தேன். அதில் வேடிக்கை பார்க்கப்போவது யார் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காலையிலிருந்து விசைப்பலகையைத் தொட்ட சிறுமிகளை எண்ணிப் பார்த்தேன். ஒருத்தி.

பையனிடம் போதும் என்றேன். அவன் முகம் சுருங்கியது. அவன் செய்த தவறு ஒன்றுமில்லை, விதியை நடுவில் மாற்றியது நான். அவன் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நியாயம் செய்கிறபோது ஒரு பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்குகிறோம் என்பது கண்முன்னே நடக்கும்போது சுகமாக இல்லை. தோழி சமையலறையிலிருந்து ஒரு டைமர் கொண்டுவந்தாள். அதன் பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம், இதுவரை தொடாதவருக்கே அடுத்த முறை.

அந்தச் சிறுமி உட்கார்ந்தாள். எனக்குள் நாற்பது வருட நாடகம் ஒன்று திரை உயரக் காத்திருந்தது. வெறும் திரையைக் கொடுத்தேன். தன் பெயரைத் திரையெங்கும் ஓடவிடும் இரண்டு வரி நிரலைச் சொல்லிக் கொடுத்தேன். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது அதுதான். பெயர் அருவி மாதிரி கொட்டியது. அவள் மூன்று விநாடி பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “எனக்கு அந்தக் கப்பல் வேணும்.”

அவளுக்கு எது தேவை என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அவளுக்கு அவள் அண்ணன் கேட்டதே வேண்டியிருந்தது. எலைட்டை மறுபடி ஏற்றினேன். அதற்கே நேரம் போய்விடும் என்று டைமரை நிறுத்திவைத்தேன். நிலையத்தின் மீது மூன்று தடவை மோதினாள். ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சிரித்தாள். அண்ணன் பின்னாலிருந்து யோசனை சொன்னான். அவள் கேட்கவில்லை.

நூலகத்தில் அடுத்த ஆண்டும் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் மாற்றம் இல்லை, அட்டைகளும் அப்படியே. பழுதுபார்க்கும் நண்பரிடம் இன்னொரு மைக்ரோ கிடைக்குமா என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று வேண்டும்.