ஆக்கியோனும் ஓட்டியோனும்

ஒருவன் தன் கையாற் செய்த சிறு விமானம் தரையை விட்டெழுந்து சில நூறு அடி உயர்ந்ததும் அதன் எஞ்சின் ஓய்ந்துவிடுமாயின் அவனுக்கு எஞ்சுவன சில கணங்களே. பின்னே கிடக்கும் ஓடுபாதைக்குத் திரும்பிவிட மனம் அவாவும். திரும்புகையில் உயரமும் வேகமும் ஒருங்கே குன்றும். ஆதலின் மூக்கைத் தாழ்த்தி எதிரே தென்படும் வெளியில் இறங்குதலே தக்கது எனப் பறப்பாசிரியர் கற்பிப்பர். அவ்வேளையிற் பிறரைக் குறைகூற அவனுக்கு வழியில்லை. பொறியைப் பூட்டியவனும் அவனே.

இத்தகைய விமானங்களை அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதும் இந்நியாயம் பற்றியேயாகும். விமானத்தின் பெரும்பகுதியைத் தனியார் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருத்தல் வேண்டும். தொடக்கநிலைப் பரிசோதனைப் பறப்புக்களிற் பயணிகளை ஏற்றலாகாது. பொதுவான பாதுகாப்பு விதிகளுக்கு இவ்விமானம் அமைந்ததன்று என்ற அறிவித்தல் உள்ளே காணப்படல் வேண்டும். தன்னுயிரைத் தானே பணயம் வைக்கும் உரிமை இது. (கீழே வாழ்வோரின் கூரைகள் இவ்வுரிமையுள் எங்ஙனம் அடங்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.)

ஆயின், அவ்விமானம் கைமாறும்போது உரிமையும் கைமாறுமோ? 1997 ஒக்டோபர் 12இல் பாடகர் ஜோன் டென்வர் கலிபோர்ணியாவின் மொன்ரரே விமான நிலையத்திலிருந்து எழுந்து கடலோரம் பறந்தார். பேர்ட் றூட்டன் வரைந்த லோங்-ஈசி வகை விமானம் அது, வேறொருவர் செய்தது, டென்வர் அண்மையில் வாங்கியது. எரிபொருள் தாங்கிகளை மாற்றும் கைபிடி மூல வரைபடத்தில் ஓட்டியின் கால்களுக்கிடையில் இருந்தது. செய்தவரோ அதனை ஓட்டியின் இடத்தோளுக்குப் பின்னே அமைத்திருந்தார். அதனைத் திருப்ப முயன்றவேளை டென்வரின் வலக்கால் தன்னையறியாது சுக்கான் மிதியை அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணைச் சபையின் முடிபு. விமானம் கடலில் வீழ்ந்தது, அவர் மாண்டார்.

கைபிடி எட்டாதென்பதை டென்வரும் அறிந்திருந்தார். புறப்படுமுன் குறடொன்றால் அதனை நீட்டிப் பார்த்தும் பயன் கிட்டவில்லை. எரிபொருள் நிரப்பவும் அவர் விரும்பவில்லை. எனவே சபை அவரது செயல்களைக் காரணமாகவும், ஆக்கியோனின் தெரிவைத் துணைக்காரணியாகவும் வகுத்தது.

வீட்டின் நலந்தீங்கைக் கட்டியவனிலும் குடியிருப்பவனே நன்கறிவான் என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. குடியிருப்பவனுக்கு ஆண்டுகள் உண்டு. கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். எஞ்சின் ஓய்ந்த ஓட்டிக்கு அவ்வவகாசமில்லை. தரையில் நின்று ஒரு குறையை அறிதலும், வானில் உடலால் அதனை அறிதலும் ஒன்றல்ல. முன்னைய அறிவைக் கொண்டு வாங்கியவன் முழுவதற்கும் உடன்பட்டான் என விற்றவன் வாதிடுதல் பொருந்தாது. வரைபடத்திலிருந்து விலகும் சுதந்திரம் ஆக்கியோனுக்குக் கிடைத்தது, விழுவோன் தானே என்ற எண்ணத்தினாலாகும். 2011ஆம் ஆண்டின் விபத்துக்களை ஆராய்ந்த அமெரிக்கச் சபை, அவ்வாறு வீழ்ந்த சுயதயாரிப்பு விமானங்களிற் பாதிக்கு மேற்பட்டவை பிறரிடம் வாங்கப்பட்டவையெனக் கண்டது.