பாபா சொல்லாமல் வைத்திருந்த சாட்சி



யோவேல் தீர்க்கதரிசி வெட்டுக்கிளியையும் பஞ்சத்தையும் பற்றிப் பேசத் தொடங்கும்போதே ஒரு கட்டளை கொடுக்கிறார் (யோவேல் 1:3). நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டாம் அதிகாரத்தின் அபிஷேகத்தை வாஞ்சிக்கிற நாம் முதலாம் அதிகாரத்தின் கட்டளையைத் தாண்டிப் போகக்கூடாது.

இதைத் தியானிக்கும்போது, இங்கே ரொறன்ரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த உக்ரேனிய அம்மா ஒருவரை நினைக்கிறேன். அவர்கள் பாஷையில் அம்மம்மாவை 'பாபா' என்பார்கள். பேரன் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் பாபா என்றே கூப்பிட்டோம். 1922-ல் பிறந்த பாபா, 2018-ல் தன் 96-வது வயதில் நித்திரையடைந்தா.

அவவுக்கு 10 வயதாயிருந்தபோது, 1932-ல், உக்ரேனில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. ஸ்டாலினுடைய ஆட்கள் வீடு வீடாய்ப் புகுந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். இந்த ஜனங்களுக்கோ அதுவும் இல்லை. கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் பத்து வருஷச் சிறை, அல்லது மரணம் என்று 1932 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 1933 முடிவதற்குள் பத்து இலட்சக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். பாபாவின் தம்பிமார் இருவரும் அதில் போனார்கள்.

பிறகு ஹிட்லருடைய சேனை வந்தது. உக்ரேனிலிருந்து இருபது இலட்சத்துக்கும் அதிகமானோரை ஜெர்மனிக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். பாபாவும் நெஞ்சிலே 'ஓஸ்ட்' என்ற துணிப்பட்டையோடு ஒரு தொழிற்சாலையில் பாடுபட்டா. யுத்தம் முடிந்தபின் அகதி முகாம். 1948-ல் கப்பலேறி ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கினா.

இதையெல்லாம் அவ ஆருக்குச் சொன்னா? ஒருவருக்கும் இல்லை! ஊரிலே பஞ்சத்தைப் பற்றி வாய் திறந்தால் ஆபத்து; 1980-களின் கடைசி வரை சோவியத் அரசு அதை மறைத்தது. கனடாவுக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை. மேசையில் சிந்தின பாண் துணுக்கைக்கூட எறிய விடமாட்டா. பேரன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

நவம்பர் மாதம் நாலாவது சனிக்கிழமை, பஞ்சத்தில் மாண்டவர்களுக்காக உக்ரேனியர் ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கனடா அந்தப் பஞ்சத்தை இனப்படுகொலை என்று சட்டமாக ஏற்றுக்கொண்ட 2008-ம் வருஷம், அந்த இரவில் பேரன், "இது ஆருக்கு, பாபா?" என்று கேட்டான். 86 வயதில் அவ முதல்முறையாகத் தம்பிமாரின் பேரைச் சொன்னா. அடுப்பு எரியாத வீட்டிலும் தன் தாய் இராத்திரிதோறும் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி ஜெபித்ததைச் சொன்னா. "அதுக்குப் பிறகு நான் பாணை எறியிறதில்லை" என்று அவனே எனக்குச் சொன்னான்.

தேவபிள்ளைகளே, நம்மிலே அநேகர் யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள். பங்கருக்குள்ளே ஜெபித்தவர்கள். "பிள்ளையளுக்கு என்னத்துக்கு அந்தத் துக்கம்?" என்று மறைத்து வைத்திருக்கிறோம். துக்கத்தை மறைத்தால், அந்தத் துக்கத்தில் நம்மைத் தாங்கின கரத்தையும் அல்லவா மறைக்கிறோம்? தீமோத்தேயுவின் விசுவாசம் முந்தி அவன் பாட்டியாகிய லோவிசாளிடத்தில் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). அவள் வாய்மூடி இருந்திருந்தால்?

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, பகையை ஊட்டாதேயுங்கோ, சாட்சியைச் சொல்லுங்கோ. சொல்ல முடியாத காயமானால் முதலில் ஆண்டவருடைய பாதத்தில் சொல்லுங்கோ. வாலிபப் பிள்ளைகளே, தமிழ் தடக்கினாலும் பக்கத்திலிருந்து கேளுங்கோ. பெட்டியை மூடினபின் கேட்க முடியாது.

தலைமுறை தலைமுறையாக நம்மை நடத்துகிற கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.