கொஞ்சம் உட்காருங்க அம்மிணி

பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு முறை நடந்தால் போதும். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடுப்பு, ஒரே நிறம். மின்கம்பத்தில் உடல் எடை குறைக்கக் கூப்பிடும் நோட்டீஸ். நூறடி ரோட்டுப் பக்கம் திரும்பினால் கழுத்து நிறையத் தங்கம் போட்டுக்கொண்டு சிரிக்கும் நடிகைகள். இப்போது கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எந்த சைஸாக இருந்தாலும் நீங்கள் அழகுதான், உங்கள் உடம்பு உங்கள் விருப்பம் என்று கடைக்காரர்களே விளம்பரம் செய்கிறார்கள். நல்லதுதான். டபுள் எக்ஸெல் கேட்டால் ஏற இறங்கப் பார்த்த காலம் கொஞ்சமாவது மாறியிருக்கிறது.

ஆனால் அந்த விளம்பரத்துக்குக் கீழே காலையிலிருந்து இரவு வரை நிற்கிறாளே, யூனிஃபார்ம் சேலையில் மடிப்புக் கலையாமல் பின் குத்தி, தலையில் பூ வைத்த ஒரு பெண், அவள் உடம்பு யார் விருப்பம்?

முகூர்த்தப் பட்டுப் பிரிவில் ஒரு நாள் பார்த்தது இது. பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். மெத்தையில் அத்தை, பெரியம்மா, நங்கை என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. நடுவில் கல்யாணப் பெண். எதிரே சேல்ஸ் பெண் நின்றபடியே ஒவ்வொரு சேலையாக உதறி விரித்துக்கொண்டிருந்தாள். "அம்மிணி, அதைக் கொஞ்சம் உம்மேல வச்சுக் காட்டு" என்றார் அத்தை. அவள் முந்தானையைத் தோளில் போட்டுக் கொசுவத்தை இடுப்பில் பிடித்துத் திரும்பித் திரும்பிக் காட்டினாள். அத்தை பெரியம்மாவிடம் சொன்னார்: "இந்தப் புள்ள செவப்பு, எதைப் போட்டாலும் எடுப்பா இருக்குதுங்க்கா. நம்ம புள்ளைக்கு இந்தக் கலரு தூக்காதுங்."

இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தி செல்போனைப் பார்த்தாள். இன்னொருத்தி சிரித்த முகம் மாறாமல் அடுத்த சேலையை எடுத்தாள். கவுண்டருக்குப் பின்னால் இடது பாதத்தைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டாள். மெத்தையில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. எடுத்த சேலை எது என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கால்தான் நினைவில் நிற்கிறது.

நிறத்தைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. 1975இல் வந்த ஒரு முகப்பூச்சு தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்பதை 2020இல் எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. பெயர் மாறிற்று, அத்தைகள் மாறவில்லை. ஆனால் அந்தக் கால் வலிக்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. கண்ணாடியில் தெரிகிற உடம்பைப் பற்றிக் கவிதை, கட்டுரை, பட்டிமன்றம் எல்லாம் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று வந்தது. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எடை கூடினால் பக்கத்து வீடு வரைக்கும் வைத்தியம் சொல்லும். ரத்தம் குறைந்தால் வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஜவுளிக்கடையில் சில வருஷம் வேலை பார்த்த ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறார். கடைப் பெயர் வேண்டாம். ஒரு கடையின் கதை மட்டும் இல்லை இது. "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணுங்க. போயிட்டு வந்தா சூப்பர்வைசரு மணியப் பாப்பாருங்க. அதுக்குக் குடிக்காமயே இருந்துக்கலாம்ல?" என்றார். நீர்க்கடுப்பு வந்தது. பிறகு காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. தீட்டு நாள்களிலும், ஆடித் தள்ளுபடியிலும், தீபாவளி சீசனிலும் அதே நிற்பு. லிப்ஸ்டிக் அழிந்தால் திட்டு விழும், உட்கார்ந்தாலும் திட்டு விழும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அழகாக இருக்க வேண்டியது கட்டாயம், அந்த அழகான உடம்பை ஒரு நிமிஷம் சாய்ப்பது குற்றம்.

ஆண்களும்தானே நிற்கிறார்கள் என்பீர்கள். நிற்கிறார்கள், அதுவும் தப்புத்தான். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் சென்னை ரங்கநாதன் தெருவை வைத்து இரண்டு பேர் பாட்டையும் காட்டியது. எல்லோரும் கண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு மறுவாரம் அங்கேயே போய்த் துணி எடுத்தோம்.

கடையில் உட்கார ஒரு நாற்காலி கேட்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்கிறவர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்றது. பஞ்சாலைக்குப் போனால் உட்காரலாம், அந்தப் பஞ்சிலிருந்து வந்த துணியை விற்கப் போனால் உட்காரக் கூடாது என்று எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள்தான் இதை உடைத்தார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி என்பவரும் அவர் சேர்த்த 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கேட்டது கழிப்பறை. அதன் பிறகு நாற்காலி. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது: எல்லாக் கடையிலும் ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம்.

நாற்காலி போட்ட கடைகள் இருக்கின்றன. பல கடைகளில் கவுண்டருக்கு அடியில் ஒரு ஸ்டூல் ஒளிந்திருக்கும், அதிகாரி வந்தால் காட்ட. கேட்டால், "உட்கார்ந்துட்டே இருந்தா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" என்கிறார்கள். இதில் முதலாளியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரியாதைக்குப் பேர்போன ஊர் இது. 'ங்க' போடாமல் பஸ்ஸில் டிக்கெட்கூட வாங்க மாட்டோம். ஆனால் பெரியவர்கள் முன்னால் மருமகள் திண்ணையில் உட்காரக் கூடாது என்பதும் இதே ஊர் மரியாதைதான். வீட்டில் பழகியதைக் கடையில் எதிர்பார்க்கிறோம்.

எங்கே நிற்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று அடுத்தவர் முடிவு செய்வது சேலைக்கடையோடு நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், மாதவிலக்கு என்பதற்காக எட்டாம் வகுப்புச் சிறுமியை வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். குறைந்த விலையில் நாப்கின் செய்ய இயந்திரம் கண்டுபிடித்து 2016இல் பத்மஸ்ரீ வாங்கிய முருகானந்தம் பிறந்து வளர்ந்த அதே மாவட்டம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. தீட்டு வலி என்றால் லீவு கிடையாது, பெயர் ஒட்டாத ஒரு மாத்திரை கிடைக்கும் என்பதுதான் செய்தி. வலி உடம்பு சொல்கிற பேச்சு. அதை வாய்மூட வைத்துவிட்டுத் தையல் மெஷினை ஓட்டினார்கள்.

காந்திபுரத்தில் பஸ் ஏறினால் ஈரோடு இரண்டு மூன்று மணி நேரம். அங்கிருந்துதான் பெரியார் 1925இல் 'குடி அரசு' தொடங்கினார். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னார், சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார், கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். ஜனத்தொகைக் கவலையெல்லாம் அவருக்கு அடுத்ததுதான். இத்தனை ஆண்டுக்குப் பின் கர்ப்பத்தடை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, விடுதலை வழியில் எங்கோ இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கத்தி சின்னதாக, சுலபமாகப் போவது ஆண் உடம்பில்தான் என்று எந்த டாக்டரும் சொல்வார்.

பெரிய பெரிய உரிமைகளுக்கு நீதிமன்றம் இருக்கிறது. நாற்காலிக்கு வாடிக்கையாளர்தான் இருக்கிறார், அதாவது நீங்களும் நானும். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது அந்தப் பெண்ணைத் தன்மேல் சேலை வைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். கண்ணாடி இருக்கிறது, உங்கள் தோள் இருக்கிறது. அவள் உட்கார்ந்து சேலை காட்டினால் முகம் சுளிக்காதீர்கள். பில் போடுமுன் ஃப்ளோர் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவங்க உட்கார நாற்காலி எங்கீங்க?" சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, பர்ஸும் உங்கள் கையில் இருக்கிறது.