குஞ்சு மீனும் கொல்லாமையும்

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, மயக்கி, அரிசிமணி அளவுள்ள அடையாளச் சில்லு ஒன்றை ஊசியால் வயிற்றுக்குள் செலுத்தி விடுகிறார்கள். அணைகளைத் தாண்டி எத்தனை பிழைக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவருகிறது. நம் காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென 2018இல் உலகப் பட்டியலில் சேர்ந்தது. மோயாற்றில் மிஞ்சியிருக்கும் அதன் குஞ்சுகளையும் இப்படித் துளைக்கலாமா? விஜயமங்கலத்தில் சமணம் தழைத்த கொங்கு மண் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வலி தனி உயிருக்கு, பயனோ இனத்துக்கு. இனத்துக்கு ஏது நரம்பு என்று எதிர்ப்பவர்கள் கேட்பார்கள். வலுவான மறுப்புதான். ஆனால் 1934இல் மேட்டூரிலும் 1955இல் பவானிசாகரிலும் ஆற்றை மறித்தபோதே மீன்களின் வாழ்வில் கைவைத்துவிட்டோம். அந்தப் பாசனத்தில் விளைந்ததை உண்டுகொண்டு, ஊசியைக் கண்டு மட்டும் பதறுவது அகிம்சை ஆகாது. நம்மால் நேரும் தீங்கை அறிய மறுப்பதும் தீங்குதான். அதற்காக ஊசி தானாகவே அறமாகிவிடாது. அறிந்தபின், முட்டையிடும் பருவத்தில் ஆற்றுக்கு வேண்டிய தண்ணீரை விட மனமில்லாதவர்களுக்கு அந்தக் குஞ்சைத் தொடும் உரிமை இல்லை.