சார்பை எங்கே எழுதுவது?

ஒரு நிரல் தான் நம்பியிருக்கும் டேட்டாபேஸைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்? ஜாவா அப்ளிகேஷன் சர்வர்களோடு வேலை செய்யும் எனக்கு இது தத்துவக் கேள்வியாகவே படுகிறது.

சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்கிறது. அருகிலுள்ள பொருளின் நிறத்தைப் படிகம் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையில் நிற்கும். நிரலும் அப்படித்தான். ஜேபாஸ் என்ற சர்வரில் வளர்ந்த நிரல், டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸை ஜேபாஸுக்கே உரிய பெயரைச் சொல்லித் தேடும். அதை வெப்லாஜிக் என்ற இன்னொரு சர்வரில் ஏற்றினால் அந்தப் பெயரில் அங்கே எதுவும் இருக்காது.

1999 டிசம்பரில் வந்த ஜே2இஇ 1.2 என்ற ஜாவா சர்வர் விவரக்குறிப்பு இதற்கு அழகான வழி சொன்னது. நிரல் தனக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, 'எனக்கு இப்படியொரு டேட்டாசோர்ஸ் வேண்டும்' என்று அறிவித்தால் போதும். எந்த மெஷின், எந்த போர்ட், என்ன பாஸ்வேர்டு என்பதெல்லாம் அதை நிறுவுபவர் பொறுப்பு. நிரல் எழுதுபவர், தொகுப்பவர், நிறுவுபவர், நிர்வகிப்பவர் என்று ஆட்களையே அந்த விவரக்குறிப்பு பிரித்து வைத்தது. யார் எதை அறியாமல் இருக்கலாம் என்று ஒரு தொழில்நுட்ப ஆவணம் யோசித்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனாலும் சார்பு ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. நிரலின் பெயரையும் சர்வரில் உள்ள உண்மைப் பெயரையும் இணைக்க வெப்லாஜிக்குக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, ஜேபாஸுக்கு வேறொன்று.

2009இல் அதே விவரக்குறிப்பின் பிந்தைய பதிப்பான ஜாவா இஇ 6 அதையும் களையப் பார்த்தது. இணைப்பு விவரங்களை நிரலுக்குள்ளேயே அனொடேஷனாக எழுதிவிடலாம். எந்த சர்வரானாலும் டேட்டாசோர்ஸை உருவாக்கிக் கொடுக்கும். இதை என் மனம் ஏற்பதில்லை. சர்வரிடமிருந்து விடுதலை கிடைக்கிறது, ஆனால் நிரல் ஒரே டேட்டாபேஸோடு கட்டுண்டு போகிறது. சோதனைக்கும் உற்பத்திக்கும் தனித்தனியாகத் தொகுக்க வேண்டிவரும். பாஸ்வேர்டையும் அங்கேயே எழுதினால், மூல நிரலைப் படிக்கும் எல்லோர் கண்ணிலும் அது படும். 2013இல் ஜாவா இஇ 7 இன்னொரு எல்லைக்குப் போய், பெயரே சொல்லாமல் சர்வர் வைத்திருக்கும் இயல்பு டேட்டாசோர்ஸைக் கேட்க வழி செய்தது. பழகிப்பார்க்க அது போதும். மக்களின் பணக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பதை அப்படி விட்டுவிட எனக்குத் துணிவில்லை.

சார்பே இல்லாத நிரல் எதையும் சேமிக்காது. ஆகவே என் குழுவில் சர்வருக்குரிய இணைப்புக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைக்கச் சொல்கிறேன், ஒவ்வொன்றின் தலையிலும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரோடு.